டோரீன் அக்கா வீட்டில் நாற்காலிகள் இருக்கின்றன

குளுவாங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது டோரீன் அக்காவின் நாத்தனார் அழைத்தார். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாராம். மீனை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

நம் டியூஷன் சென்டரில் அவரிடம் ஆங்கிலம் படித்த உங்களுக்கு அவர் செல்வம் அண்ணனின் மனைவி, தமிழ் பேசும் இங்கிலாந்துக்காரி. அவர் பெற்றோர் ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவர்கள். "அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடலாம்" என்று அவர்கள் வருஷா வருஷம் சொல்வார்களாம். வரவேற்பறை சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே மாட்டார்களாம். பிள்ளைகள் அதில் உட்காரக் கூடாது, அது விருந்தாளிகளுக்கு. அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வந்ததில்லை.

பள்ளியில் அக்காவிடம் எப்போது ஊருக்குப் போவாய் என்று கேட்டார்கள். ஒருமுறை ஜமைக்காவுக்குப் போனால், அங்கே உறவுப் பிள்ளைகள் அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். "இங்கிலாந்துல நான் கறுப்பு. அப்பா ஊர்ல நான் இங்கிலீஷ்காரி. இங்க மலேசியாவுல நான் செல்வம் பொண்டாட்டி. அது போதும் லா" என்பார்.

பிறகு செல்வம் அண்ணன் இறந்தார். ஜமைக்காக்காரர் வீட்டில் சாவு என்றால் ஒன்பது இரவு ஆட்கள் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, பாடி, இறந்தவரைப் பற்றிப் பேசுவார்கள். அக்காவின் சிறுவயதில் அந்த வரவேற்பறை நிறைந்தது அப்படி ஒரு சாவுக்குத்தான். அந்த நினைப்பில் தகனம் முடிந்ததும் பெரிய பானையில் காப்பி கலக்கினார். வெளியே வந்து பார்த்தால் நாற்காலிகள் காலி.

நெடுநாள் கழித்து என்னிடம் கேட்டார்: "ஒருத்தர்கூட சொல்லிட்டுப் போகலியே. நான் என்ன தப்பு பண்ணேன்?"

இழவு வீட்டில் நாம் சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டோம் என்று விளக்கினேன். அவர் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. "தெரியாம எல்லார் மேலயும் கோவமா இருந்துட்டேன். ஆனா மறுநாளாச்சும் யாராவது வந்திருக்கலாம்" என்றார்.

அக்காவின் இறுதிச்சடங்கிலும் எல்லோரும் வழக்கம்போலச் சொல்லாமல் கிளம்பினார்கள். நான் அந்தப் பானையை எடுத்துக் காப்பி கலக்கினேன். பொழுது சாய்ந்ததும் படத்தின் முன் நின்று, "அக்கா, போயிட்டு வரேன்" என்றேன். நாத்தனார் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

சொன்னதால் மறுநாளும் போனேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒன்பது இரவு வழக்கம் ஒன்றுதான். நேற்றும் நானும் நாத்தனாரும் மட்டுமே இருந்தோம். காப்பி மீந்துபோனது. இன்றைக்கும் கலக்குவேன். வாருங்கள்.