தேத்தண்ணி போட்டுக் கொடுத்த நோயாளி

காய்ச்சல் பார்க்கிற தாதிக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, ரத்த அழுத்தம் பார்க்கிற தாதிக்குக் கையில் சுற்றும் பட்டை இருக்கிறது, மனசு சரியில்லாதவர்களைப் பார்க்கிற தாதிக்கு அவர்கள் வாயால் சொல்வதை விட்டால் வேறு கதி இல்லை. நம் ஆட்களோ வாயைத் திறந்தால் முதலில் சொல்வதே "நல்லாதான் இருக்கேன்" என்பதுதான். மலைமேல் தானா ராத்தா ஊர்ப் பக்கம் ஒரு கிளினிக்கிலிருந்து வேன் ஏறி, தேயிலைத் தோட்டங்களுக்குள் வீடு வீடாகப் போய் வருகிற தாதி நான், தோட்டத்து ஆட்களுக்கு 'மிஸ்ஸி'. இதே வேலையில் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும் தாதிமார்களே, படித்துவிட்டு உங்களுக்கு ஏதாவது விளங்கினால் எனக்கும் சொல்லுங்கள்.

குறையே இல்லாத வீடு

பரமேஸ்வரி அக்காவை அவர் வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணன்தான் கிளினிக்குக்குக் கூட்டி வந்தார். அண்ணன் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். அக்கா கொழுந்து எடுக்கிறவர், ஐம்பதை நெருங்கும் வயது. கொஞ்ச நாளாக வேலைக்குப் போகவில்லை. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, குளிக்கச் சொன்னால்கூட சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு, இது மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரை பிடிபட நாளாகும், அதுவரை வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்து சொல்லுங்கள் என்று என்னிடம் ஒப்படைத்தார்.

அண்ணனைத் தனியாக அழைத்து, வீட்டில் ஏதாவது சண்டை, சாவு, கஷ்டம் உண்டா என்று கேட்டேன். அவர் யோசித்தார். மழுப்பவில்லை, நிஜமாகவே யோசித்தார், பாவம். கடைசியில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்:

"டிவி இருக்கு, வாஷிங் மெஷின் இருக்கு, மவன் சிங்கப்பூர்ல நல்ல வேலையில இருக்கான். நானும் குடிக்கறதில்ல. அழுவறதுக்கு என்னா இருக்குன்னு நீங்களே சொல்லுங்க மிஸ்ஸி."

முதல் உபசாரம்

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரைத் தேடித்தான் முதல் தடவை தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்துக்குப் போனேன். வாசலில் வந்து நின்றதோ தலைவாரிப் பொட்டு வைத்து, துவைத்த கைலி கட்டிய ஓர் அம்மாள். வீடு மாறி வந்துவிட்டேனோ என்று வாசல் நம்பரை இன்னொரு முறை பார்த்தேன். அக்காவேதான். "பசியாறிட்டீங்களா மிஸ்ஸி?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் டின்பால் ஊற்றித் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். ரிங்லெட் ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசினார். நான் தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் பிஸ்கட் தட்டு என் பக்கம் நகர்ந்தது.

மாத்திரை இத்தனை சீக்கிரம் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அடுத்த தடவையும் அதே பொட்டு, அதே தேத்தண்ணி. டாக்டரிடம் தேறி வருகிறார் என்று சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். நான் கிளம்பும்போது அக்கா ஒவ்வொரு தடவையும் சொன்னது ஒன்றுதான்:

"எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ்ஸி. நீங்கதான் எளைச்சுப் போயிட்டீங்க. இன்னும் ரெண்டு பிஸ்கட் எடுத்துக்குங்க."

பச்சை வைத்தியம்

நடுவில் இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கம்போங் ராஜாவில் முட்டைக்கோஸ், எங்கள் பேச்சில் கோபிஸ், போடுகிற விவசாயி ஒருவர், நெஞ்சு படபடப்பு என்று கிளினிக்குக்கு வருவார். இருதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, பதற்றம்தான். எனக்குப் பயிற்சி கொடுத்தது கீழே பட்டணத்தில். பதற்றக்காரர்களைப் பசுமையான இடத்தில் நடக்கச் சொல்லுங்கள், மலைக்காற்று வாங்கச் சொல்லுங்கள் என்று அங்கே சொல்லிக் கொடுத்ததை நான் அவருக்கு அப்படியே ஒப்பித்தேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பார்த்த இடமெல்லாம் மலை, பச்சை, பனிமூட்டம். பிறகு என்னைப் பார்த்த பார்வையில், நோயாளி யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"கேஎல் பட்டணத்துக்காரன் மனசு ஆறணும்னு காடி ஓட்டிக்கிட்டு இங்கதான் வர்றான் மிஸ்ஸி. எனக்கு அந்தப் பச்சையப் பாத்தாதான் படபடங்குது, கோபிஸ் அழுவிப் போயிருமோன்னு. நான் எங்க லா போறது?"

நோயா, கோபமா

முனியாண்டி அண்ணன் லோரியை ஓரம் கட்டிவிட்டு ஒரு நாள் கிளினிக் படியேறி வந்தார். முகம் சரியில்லை. நான் போய் வந்த பிறகு அக்கா இரண்டு மூன்று நாள் பாயை விட்டு எழுந்திருப்பதே இல்லையாம். மகன் போனில் கூப்பிட்டால்கூட எடுப்பதில்லையாம். ஆனால் நான் வருகிற நாளில் மட்டும் எழுந்து தேத்தண்ணி போட முடிகிறது. அண்ணன் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து, இது நோயே இல்லை, நடிப்பு என்று முடிவுக்கு வந்துவிட்டார். மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்கிறார்.

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. நான் பார்த்தது பொய்யா, அவர் பார்த்தது பொய்யா? இன்னொரு தடவை நன்றாக இருந்தால் வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொள்ளலாம் என்று டாக்டர் அப்போதுதான் சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் கதவு சாத்தினால் நடுவில் அந்த மனுஷியின் கதி என்ன? மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் அண்ணே என்று கெஞ்சினேன். அண்ணன் சரி என்றார். படியிறங்கப் போனவர் திரும்பி நின்று கேட்டார்:

"மிஸ்ஸி வந்தா நடக்கறா, புருஷன் வந்தா படுத்துக்கறா. இது வியாதியா, எம்மேல கோவமா?"

திடீர் விஜயம்

சொல்லாமல் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வேனைக் கீழே கோயிலடியிலேயே நிறுத்தச் சொல்லி, குளிரில் மூச்சு வாங்கப் படியேறினேன். திருடன் மாதிரி நான் பதுங்கிப் பதுங்கிப் போனதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாதிப் படியில் பக்கத்து வீட்டு ராஜம்மா என்னைப் பார்த்துவிட்டார். "பரமு, மிஸ்ஸி வர்றாங்க" என்று ஒரு குரல். லயம் முழுக்கக் கதவு திறந்தது. ஒருவர் பால் டின்னோடு ஓடினார், ஒருவர் பிஸ்கட்டோடு. நான் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ராஜம்மா சீப்பும் கையுமாக அக்காவின் கூந்தலில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அக்கா தலையைக் கொடுத்தபடி பொம்மைபோல் உட்கார்ந்திருந்தார்.

நான் வருகிற நாளிலெல்லாம் அண்ணன் லோரி எடுத்துப் போன பிறகு குளிக்க வைப்பது, பொட்டு வைப்பது, அடுப்பு பற்ற வைப்பது எல்லாம் ராஜம்மாதானாம். அக்கா எழுந்து கலக்கிக் கொடுத்தால் போதும் என்கிற அளவுக்குத் தயார் செய்து வைப்பாராம். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று ராஜம்மாவுக்குப் புரியவே இல்லை. நான் அவரைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று எனக்கும் புரியவில்லை. அவர் சீப்பைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"வூட்டுக்கு வந்தவங்கள ஒரு தேத்தண்ணி குடுக்காம அனுப்புனா எங்க லயத்தப் பத்தி நீங்க என்னா நெனைப்பீங்க?"

பிளாஸ்க்

அடுத்த தடவை ராஜம்மாவிடம் முன்கூட்டியே பேசி, தயவுசெய்து இன்றைக்கு மட்டும் பரமுவைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஏதோ பாவம் செய்யச் சொன்னது போல் அரை மனதோடு ஒப்புக்கொண்டார். நான் என் வீட்டிலிருந்தே பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு போனேன். தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு விருந்தாளி தேத்தண்ணி சுமந்து போவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எனக்குத் தெரியும்.

அக்கா பாயில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. "இன்னிக்கு நீங்கதான் அக்கா விருந்தாளி" என்று சொல்லி, நானும் தரையில் உட்கார்ந்து ஒரு கோப்பையில் ஊற்றி அவர் கையில் வைத்தேன். அவர் குடிக்கவில்லை. அழுதார். எனக்கும் கண் கலங்கியது. எங்கள் வேலையில் கேட்டே ஆகவேண்டிய கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன்: சாக வேண்டும் என்று தோன்றுகிறதா அக்கா? குடிக்காத கோப்பையைத் தரையில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"காலையில கண்ணு முழிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தெனமும் தோணுது மிஸ்ஸி. வந்தவங்ககிட்ட இதையெல்லாமா சொல்றது?"

அலுப்பு

அன்றைக்கே அக்காவை வேனில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். அண்ணன் லோரியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். டாக்டர் விளக்கிச் சொன்னபோது, நடிப்பு என்ற வார்த்தையை அண்ணன் மறுபடி எடுக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாத்திரை மாறியது. அக்காவைத் தனியாக விடாமல் லயத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கூடவே இருந்தார்கள். உபசாரம் செய்ய ஓடிய அதே கூட்டம்தான். இந்தத் தடவை தலைவாரிவிட அல்ல, சும்மா பக்கத்தில் உட்கார. சில வாரம் நல்லது, சில வாரம் மோசம். ஏன் நல்லது, ஏன் மோசம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

போன வாரம் போனேன். அக்கா மறுபடி கொழுந்து எடுக்கப் போகிறார். அப்போதுதான் வேலை முடிந்து வந்து, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை வாரவில்லை, பொட்டு இல்லை, என்னைக் கண்டு எழுந்திருக்கவும் இல்லை. பழையபடி ஆகிவிட்டதோ என்று பையைக் கீழே போட்டேன். அக்கா, என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் போனேன். அவர் கொட்டாவி விட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார்:

"ஒடம்பு அலுப்பா இருக்கு மிஸ்ஸி. தேத்தண்ணி நீங்களே போட்டுக்குங்க, எனக்கும் ஒண்ணு குடுங்க, சீனி கம்மியா."

ஆகவே தாதிமார்களே, இந்தத் தொழிலில் இத்தனை காலத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்த வீட்டில் சீனி டப்பா எந்தப் பலகையில் இருக்கிறது என்பது ஒன்றுதான்.