அரைக் கரண்டித் தேவதாரு எண்ணெய்

தேவதாரு எண்ணெயை என் புத்தகங்களுக்காகவே வாங்கினேன். காரைக்காலின் உப்புக்காற்றில் நமத்துப்போன தாள்களை இராமபாணப் பூச்சிகள் அரித்துக்கொண்டிருந்தன. கடைத்தெருவில் அத்தர் விற்ற மரைக்காயர் ஒருவர், சிறிய குப்பியைத் திறந்து என் மணிக்கட்டில் ஒரு துளி வைத்தார். வெளிர்மஞ்சள் நிறம், சற்றே கெட்டியான பதம், அப்போதுதான் சீவிய பென்சிலின் மணம்.

"பஞ்சுல நனைச்சு அலமாரியில வைங்க வாத்தியாரய்யா, பூச்சி அண்டாது. நல்லெண்ணெயில ரெண்டு சொட்டு விட்டு முட்டிக்குத் தேய்ச்சா வலி கேக்கும். தலைப் பொடுகுக்கும் ஆகும்" என்றார்.

உள்ளுக்குக் கொடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை. அப்போது அதற்குத் தேவையும் இல்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்திய ஆண்டின் அடைமழையில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் கஷாயத்தில் சுக்கோடு தேவதாருக் கட்டையும் சேர வேண்டும். எல்லைச் சுங்கச்சாவடியின் கெடுபிடியால் நாட்டுமருந்துக் கடைக்குக் கட்டை வந்து சேரவில்லை.

"இல்லாட்டி விட்டுடுங்க தம்பி, சுக்கு போதும்" என்றார், உதவிக்கு வந்திருந்த என் மனைவியின் தமக்கை.

"கட்டையோட சாரமே அலமாரியில இருக்கே, அண்ணி."

"பூச்சிக்கு வாங்கினதையா பச்சை உடம்புக்காரிக்குக் கொடுக்கப் போறீங்க? நல்லாப் படிச்சீங்க போங்க!"

மருத்துவச் செய்யுள்களை மனனம் செய்திருந்த செருக்கு எனக்கு. மரம் மருந்தாயின் அதன் எண்ணெய் அதனினும் சிறந்த மருந்தன்றோ என்று கருதினேன். அரைக் கரண்டி அளந்து நானே கஷாயத்தில் ஊற்றினேன்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்த என் மனைவி, "உங்க அலமாரியையே கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

அரை மணி நேரத்திற்குள் அச்சிரிப்பு மறைந்தது. வயிறு எரிகிறது என்றாள். குடம் குடமாய் நீர் கேட்டாள். குடித்ததை எல்லாம் பீறிட்டு வாந்தி எடுத்தாள். அவள் மூச்சிலும் வியர்வையிலும் பென்சில் மணம் வீசியது. மருத்துவரை அழைக்க மழையில் ஓடினேன். வழியில் மரைக்காயர் கடையைக் கண்டதும் நின்று, செய்ததைச் சொன்னேன்.

"யா அல்லாஹ்! குடிக்கவா கொடுத்தீங்க? கட்டையைக் காய்ச்சினா தண்ணியில எறங்குறது துளிதான் வாத்தியாரே. இது கட்டுக் கட்டாக் கட்டையை வடிச்சு எடுத்தது." குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "டாக்டரை நான் கூட்டியாறேன். நீங்க வீட்டுக்கு ஓடுங்க. பால் கொடுத்துடப் போறாங்க!"

அதுவரை குழந்தையை நான் நினைக்கவே இல்லை. நஞ்சு பாலில் இறங்கியிருக்குமோ? வீட்டை நெருங்கியபோது அழுகுரல் கேட்டது. அது நின்றுவிடுமோ என்ற அச்சத்திலேயே வாசற்படியேறினேன்.

"மூணு தடவை வச்சுப் பாத்துட்டேன். வாயே வைக்க மாட்டேங்குது, மொகத்தைத் திருப்பிக்கிது" என்றார் அண்ணி, வீறிட்டழும் பிள்ளையை மடியில் ஏந்தியபடி. தாயின் மேல் வீசிய அந்த வேற்று மணத்தைப் பன்னிரண்டு நாள் குழந்தை ஏற்கவில்லை.

மருத்துவர் வந்து நாடி பார்த்தார். "எவ்வளவு கொடுத்தீர்?" என்றார். கரண்டியை எடுத்துக் காட்டினேன். இரண்டு நாள் தாய்ப்பால் கூடாது, பசும்பாலை நீர்விட்டுப் புகட்டுங்கள் என்றார். அவள் பிழைப்பாளா என்று கேட்டதற்குச் சாயங்காலம் வரை பார்ப்போம் என்றார். அந்தப் பகலின் ஒவ்வொரு நாழிகையும் அவள் நெஞ்சு எழுந்து தாழ்வதை எண்ணியே கழிந்தது. விளக்கேற்றும் வேளையில்தான் குடித்த நீர் வயிற்றில் தங்கியது.

மூன்றாம் நாள் என் மனைவி குழந்தையை ஏந்திக்கொண்டு, "வாசனை போயிடுச்சா பாருங்க" என்றாள். முகர்ந்தேன். எதுவும் தெரியவில்லை, ஆயினும் 'ஆம்' என்று சொல்லத் துணியவில்லை. என் அறிவை நம்பிய நாள் முடிந்திருந்தது. அவளும் என்னை வற்புறுத்தவில்லை. இருவரும் குழந்தையின் முகத்தையே பார்த்திருந்தோம். அது ஒருமுறை தலையை அப்பால் திருப்பியது. பின்பு மெல்லத் திரும்பி வந்து, வாய் வைத்தது.