குண்டு துளைத்த கண்ணாடி

குண்டு துளைத்த கண்ணாடியில் ஊறிய தண்ணீரை நீங்கள் குடித்திருக்கிறீர்களா? நான் குடித்திருக்கிறேன். லேசாக ரப்பர் பால் வாடை அடிக்கும். மற்றபடி அமிர்தம், சும்மா சொல்லவில்லை.

அது மாமா ஓட்டிய ரப்பர் தோட்டத்து லாரியின் முன்கண்ணாடி. பிள்ளை பெற்ற அத்தையை சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். வழக்கமாக அங்கே தோட்டத்துத் துரை உட்காருவார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் துரைக்கென்று சுட்டது அத்தையின் கழுத்தில் பாய்ந்தது. லாரி பள்ளத்தில் இறங்கியது. மடியில் கிடந்த குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. செத்துப்போன தாயின் ரத்தத்தில் நனைந்து அலறிக்கொண்டிருந்தது.

பிறகு, காட்டிலிருப்பவர்களுக்கு எங்களிடமிருந்து சோறு போகக் கூடாதென்று, அரசாங்கத்தார் எங்கள் எல்லோரையும் கடலோரமாகப் பெயர்த்து, முள்கம்பி வேலிக்குள் அடைத்தார்கள். உள்ளே ஒரே கிணறு. வாயில் வைத்தால் கரிக்கும். ஆற்றுக்குப் போகலாமென்றால், வேலியைத் தாண்டியவனைச் சுட உத்தரவு. நாங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தோம். குழந்தைக்குப் புட்டிப்பால், அந்தத் தண்ணீரில் பால்மாவைக் கரைத்த ஒவ்வொரு தடவையும் பேதி. உச்சிக்குழி உள்வாங்கிவிட்டது.

"பேட்டரிக்கு உப்புத் தண்ணி ஊத்துனாலே செத்துடும்லா. எம் பிள்ளை என்ன இரும்பா?" என்றார் மாமா. வெயிலை இழுக்கத் தகரத் தட்டில் தார் பூசி, கிணற்று நீரை ஊற்றி, மேலே அந்தக் கண்ணாடியைச் சாய்த்து மூடினார். குண்டு போன ஓட்டையை ஒட்டுப்பாலால், மரத்தில் உறைந்த ரப்பரால், அடைத்தார். விளிம்பெல்லாம் ரப்பர் பால் பூசினார். வெயில் ஏறியதும் ஆவி எழுந்து, கண்ணாடியின் அடியில் முத்து முத்தாய்க் கோத்து வழிந்து, ரப்பர் பால் பிடிக்கும் கோப்பையில் சொட்டியது. அதில் கரைத்த பால் குழந்தையின் வயிற்றில் தங்கியது.

ஒரு நாள் உச்சி வெயிலில் காவல்மேட்டிலிருந்த சார்ஜனின் கண்ணில் அந்தப் பளபளப்பு பட்டுவிட்டது. ஆட்களோடு வந்து மலாயில் கத்தினான்.

"காட்டுல இருக்கிறவனுக்கு சைகை காட்டுறியான்னு கேக்குறாருடா," என்றார் எங்கள் மண்டோர், தோட்டத்தில் எங்களை மேய்த்த கங்காணி.

"நான் எங்க காட்டுறேன்? சூரியன்தான் காட்டுது. அதைப் போய்ப் பிடிக்கச் சொல்லுங்க."

மண்டோர் அதை அப்படியே சொல்லித் தொலைத்தார். துப்பாக்கிக் கட்டை மாமாவின் வாயில் இறங்கியது. பல் தெறித்தது. விழுந்தவரின் விலாவில் பூட்ஸ் கால்கள் மாறி மாறி மிதித்தன.

"என்னை அடிங்கடா! கண்ணாடியத் தொடாதீங்க! எம் பொண்டாட்டியக் கொன்னவனுக்கா நான் சைகை காட்டுவேன்?"

சொல்லவேண்டிய அந்த ஒன்றை மண்டோர் சொல்லவில்லை. பயம். சார்ஜன் கட்டையால் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். லாரிக் கண்ணாடியல்லவா, சிலந்தி வலையாய் விரிந்ததே தவிர உதிரவில்லை. மாமாவை முடியைப் பிடித்து இழுத்துப்போய் வண்டியில் எறிந்தார்கள்.

என் அம்மா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். விரிசல் ஒவ்வொன்றிலும் ரப்பர் பாலை விட்டு அடைத்தார். காவல்மேட்டுக்குத் தெரியாத பக்கமாகத் தட்டைத் திருப்பி வைத்தார். மறுநாளே சொட்டியது.

ஆறு வருஷம் கழித்து வேலியைப் பிரித்துவிட்டார்கள். கண்ணாடி இப்போது எங்கள் கோழிக்கூண்டுக்குக் கூரை. விரிசலில் ரப்பர் கறுத்துக் கிடக்கிறது. பிள்ளைக்கு முன்பல் விழுந்திருக்கிறது. மாமா இன்னும் ஜெயிலுக்குள்ளேதான் இருக்கிறார்.