எண்ணி எண்ணித் திக்கிய மழை

மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்துக்கு மழைச் சத்தம் செய்துகொடுத்தவளை வீட்டில் ஒலிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கணினித் திரையில் பெட்டி பெட்டியாக வைத்துக் கோடு இழுத்து இணைப்பாள், அதுதான் நிரல். அதில் கவுண்டர் என்றொரு பெட்டி ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்து எந்தத் துளி விழுவது என்று முடிவாகும். அவள் சொந்தமாக எடுத்த முதல் வேலை அது.

காலையில் போட்டதும் ஜோராகப் பெய்யும் மழை, மதியத்தில் கெட்டுப்போகும். "நாளைக்கும் இப்படின்னா கழட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்றார் மேலாளர். கணினியின் நினைவகம்தான் நிரம்பிவிட்டது என்று ஒலிக்காரி அடித்துச் சொல்லி, பெரியதாக ஒன்றை வாங்கி மாட்டினாள். ஊஹூம், பலிக்கவில்லை!

பகலில் அவளுக்கு வானொலி நிலையத்தில் வேலை. மருத்துவமனையில் உட்கார்ந்து மழையைக் கேட்பது யார்? "நான் போறேன்" என்றாள் நாத்தனார். கணவரை இப்படியொரு கூடத்தில் காத்திருந்து பறிகொடுத்தவள். அதன்பின் ஆஸ்பத்திரி வாசலையே மிதித்ததில்லை. ஆனாலும் போனாள், மகராசி.

சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மழை நிக்கலடி. ஒரே துளி, டொக்கு டொக்குன்னு! உன் மழைக்குத் திக்குவாய்."

ஒலிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். கவுண்டர் ஒன்றை வைத்திருந்தாலும் கோடியை வைத்திருந்தாலும் நினைவகத்தில் பிடிப்பது அதே துளியூண்டு இடம். நிரம்பவே நிரம்பாது. ஆனால் அந்த இடத்துக்குள் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம் வரைதான் ஒவ்வொன்றாக ஏற முடியும். அதற்குமேல் ஒன்றைக் கூட்டினாலும் பழைய எண்ணே நிற்கும், அதே துளியே திரும்பத் திரும்ப விழும். வினாடிக்கு ஆயிரம் எண்ண விட்டது யார்? சாட்சாத் இவளேதான்! மதியத்துக்குள் முட்டாமல் என்ன செய்யும்? லட்சத்தைத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பும்படி இன்னொரு பெட்டியைச் சேர்த்தாள். அவ்வளவுதான் வைத்தியம்.

மறுநாள் நாத்தனார் காவலுக்குப் போனாள். ஒலிக்காரி அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மதியம் தாண்டி ஓடினாள். மழை சடசடவென்று பெய்துகொண்டிருந்தது. "எழுப்பிடாதீங்க, நல்லாத் தூங்குறாங்க" என்று மேலாளரே கிசுகிசுத்தார். நாத்தனார் நாற்காலியில் சாய்ந்து கண்மூடிக் கிடந்தாள்.

ஒலிக்காரி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் முட்டியது. "அக்கா, இதை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்."

"பேசாம இருடி" என்றாள் நாத்தனார், கண்ணைத் திறக்காமல். "கேட்டுக்கிட்டிருக்கேன்ல."

கையை மட்டும் அவள் விடவில்லை.