தெரேசா அக்காவுக்காக ஒரு பாட்டு நாடகம்

கண்டியில் ஒரு புடவைக் கடையில் வருடக்கணக்காகச் சேலை விரித்துக் காட்டுகிறவள் அனற். எந்த மணப்பெண்ணுக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவாள். தனக்கென்று ஒரு கல்யாணச் சேலை எடுக்க மட்டும் கொடுத்துவைக்கவில்லை. அதைக் கெடுத்த புண்ணியவதி வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அக்கா தெரேசாதான்.

கடுகண்ணாவையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர் சந்திரகுமார். மனைவியை இழந்தவர். தங்கை மகளுக்குச் சேலை எடுக்க வந்தார். பிறகு சேலை தேவைப்படாத நாட்களிலும் வந்தார். அனற்றுக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. முறைப்படி கேட்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பழத்தட்டோடு அக்காவும் தங்கையும் இருந்த அம்பிட்டிய வீட்டுக்குப் போனார். பண்டிகை வியாபாரம் என்று அனற் அன்றைக்குக் கடையில் நின்றாள்.

தெரேசா வாசலிலேயே அவருக்கு ஒரு கதை கட்டினாள். தங்கச்சி மடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டவளாம், கல்யாணமே கட்டமாட்டாளாம். சந்திரகுமார் சைவக்காரர்தான். ஆனால் நேர்த்தி என்றால் எந்தச் சாமிக்கானாலும் குறுக்கே நிற்கக் கூடாது என்று பயந்த மனிதர். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். மனம் மாறிவிட்டார் போலிருக்கிறது என்று அனற்றும் ரோஷத்தில் பேசாமல் இருந்தாள்.

மடுத் திருவிழா நெருங்கியபோது, உங்கள் நேர்த்தியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கட்டு மெழுகுதிரி கொடுத்தனுப்பினார் அவர். அப்போதுதான் அனற்றுக்கு விசயமே தெரியவந்தது. அதற்குள் அவருக்குச் சொந்தத்தில் பெண் பார்த்துக் கல்யாணமும் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் அரிசி, உப்பு, கரண்ட் பில் தவிர வேறு பேச்சில்லை. தெரேசா கோயிலுக்குப் போனாள், ஜெபமாலை சொன்னாள். "நான் செஞ்சது தப்பு" என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அனற்றுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் கண்டிக்கு அந்தப் பாட்டு நாடகம் வந்தது. பழைய குடும்பப் படப் பாட்டுகளைக் கோத்துக் கட்டிய கதை. தங்கையின் கல்யாணத்தைக் கெடுக்கிற அக்காவைப் பற்றியதாம் என்று கடைக்கு வந்த ஒருத்தி சொன்னாள். அனற் உடனே இரண்டு டிக்கெட் வாங்கினாள். நாம் சொன்னால் ஏறாதது மேடையில் பார்த்தாலாவது மண்டையில் ஏறட்டும்!

நாடகம் தொடங்கினால்தானே? குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை போர்த்தியவருக்கே இன்னொருவர் பொன்னாடை போர்த்தினார். ஒருவழியாகத் திரை விலகியதும் பின் கதிரையில் இருந்த மனிதர் பாடகருக்கு முன்னாலேயே ஒவ்வொரு அடியையும் பாடி முடித்துக்கொண்டிருந்தார். அனற்றுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

இருந்தாலும் பாட்டுகள் என்னவோ அருமைதான். அண்ணன் தொட்டில் ஆட்டும் பாட்டை அவளே வாய்க்குள் கூடப் பாடினாள். நிம்மதியாக ரசிக்கத்தான் முடியவில்லை. கண் மேடையில் பாதி, அக்காவின் முகத்தில் பாதி. மாப்பிள்ளை வீட்டாரிடம் மேடை அக்கா பொய் சொல்லி அனுப்பும் இடம் வந்தது. அனற் அக்கா பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

தெரேசா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாவி! இவளெல்லாம் கூடப்பிறந்தவளா?" என்று பக்கத்துப் பெண்ணிடம் வேறு சொன்னாள்.

அனற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசிப் பாட்டில் மேடை அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க, மண்டபமே மூக்கை உறிஞ்சியது. எல்லாருக்கும் மேலாக அழுதவள் தெரேசா. பக்கத்தில் இருந்த சொந்தத் தங்கச்சியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்து வாவிக் கரையோரமாக பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

"நல்ல நாடகம்டி. அந்த அக்காக்காரிய நாலு சாத்து சாத்தியிருக்கணும்," என்றாள் தெரேசா.

"அது நீங்கதான் அக்கா."

தெரேசா நின்றுவிட்டாள். "தெரியும்."

"தெரிஞ்சுதான் அவளத் திட்டினீங்களா?"

"பின்ன, வேற யாரத் திட்டச் சொல்ற? பெத்த புள்ள கிஷானே என்னை விட்டுட்டு இத்தாலிக்குப் போயிட்டான். நீயும் கடுகண்ணாவைக்குப் போயிட்டா, அந்த வீட்டுல நான் சுவரோடயா பேசுறது? வந்த மனுஷன்கிட்ட அத எப்பிடிச் சொல்ல முடியும்? அதான் மாதா பேரச் சொன்னேன்."

அனற் எதிர்பார்த்த வார்த்தை இதிலும் இல்லை. அவள் ஜாதி, மதம், ஊர்ப் பேச்சு என்று என்னென்னவோ காரணம் நினைத்து வெந்துகொண்டிருந்தாள். இவ்வளவுதானா விசயம்? அழுவதா, கத்துவதா என்று தெரியவில்லை.

"அக்கா, அவரு கடைக்கு மேல ஒரு வாடகை ரூம்லதான் இருந்தாரு. கல்யாணம் முடிஞ்சா அம்பிட்டிய வீட்டுலயே இருக்கலாமா, அக்கா தனியா இருக்காங்களேன்னு அவராத்தான் கேட்டாரு. அதையும் சேத்துக் கேக்கத்தான் அன்னிக்கு உங்ககிட்ட வந்தாரு."

மண்டபத்துக்குள் அப்படி அழுத தெரேசாவின் கண்ணில் இப்போது ஒரு சொட்டு இல்லை.

"அத நீ முன்னாடியே எனக்குச் சொல்லியிருக்கலாமேடி," என்றாள்.

"சொல்லியிருப்பேன்," என்றாள் அனற். "நீங்க என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"