மரத்துக்குக் காவி கட்டியவர்

ஆச்சார் மியாஸுக்குக் குரல் பெரிது. அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. எங்கள் ரோலியா கிராமத்தில் கல்யாணமோ சாவோ புதுவீடு புகுவதோ எதுவானாலும் பிக்குகளுக்கும் சம்சாரிகளுக்கும் நடுவில் நின்று சடங்கை நடத்திக் கொடுக்கும் ஆச்சார் அவர்தான். ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து வைத்தால் முகத்தைச் சுளிப்பார். "என் தொண்டைக்குக் கரண்டு தேவையில்ல" என்பார். சொன்னபடியே அவர் விகாரையில் மந்திரம் சொன்னால் ஆற்றங்கரையில் துணி துவைக்கிறவர்களுக்குக் கேட்கும்.

இளவயதில் அவரும் பிக்குவாக இருந்தவர்தான். பெற்றவளுக்குப் புண்ணியம் சேர்க்க எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோருமே ஒரு மழைக்காலமாவது காவி கட்டுவார்கள். மழை விட்டதும் களைந்து வைத்துவிட்டு வயலுக்குத் திரும்புவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, யாரும் கேலி பேசுவதுமில்லை. மியாஸ் மூன்று மழைக்காலம் இருந்தார். அதற்கு மேலும் இருந்திருப்பார், தினமும் காலையில் சோறு போட சோபோன் வந்து நிற்காமல் இருந்திருந்தால். "இந்த மனுஷன் காவிய ஒரு கரண்டி சோத்துல கழட்டிட்டேன்" என்று சோபோன் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வயல் முடிகிற இடத்தில் காடு தொடங்கும். காட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாகப் பிசின் மரங்கள் உண்டு. அடிமரத்தில் குழி வெட்டி, தீ காட்டி அணைத்தால் பிசின் வடியும். விளக்குக்கும் படகு அடைப்புக்கும் அதுதான். தாத்தா வெட்டிய குழியில் பேரன் பிசின் எடுப்பான். அப்படிப்பட்ட மரங்களுக்கு நடுவில்தான் ஒரு வருஷம் தலைநகரத்து முதலாளி ஒருவர் அரசாங்கக் காகிதத்தோடு வந்து இறங்கினார். காடு நிற்கிற மலை முழுக்க அவருக்குத்தானாம். மனு கொடுத்தோம், வழி மறித்தோம், அழுதும் பார்த்தோம். லாரிகள் மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் விகாரையில் கூடிய கூட்டத்தில் மியாஸ் எழுந்தார். வேறு மாவட்டங்களில் நடப்பதைக் கேள்விப்பட்டிருந்தார்.

"மனுஷனுக்குக் காவி கட்டினா ராஜாவே கும்பிடுறான். மரத்துக்குக் கட்டுவோம். அப்புறம் எவன் வெட்டுறான்னு பாப்போம்."

பெரிய பிக்கு அவசரப்படாத மனிதர். "மரம் பிக்கு ஆகாது மியாஸ்" என்றார். "துணியப் பாத்தா நமக்கு ஒரு நெனப்பு வரும். அவ்வளவுதான்."

"வெட்டுறவனுக்கு அந்த நெனப்பு வந்தாப் போதும் சாமி" என்றார் மியாஸ்.

முதல் வருஷம் பாதை வளைவில் நின்ற பெரிய மரத்துக்குக் கட்டினார்கள். அது சோபோன் வீட்டு மரம், அவள் அப்பா பிசின் எடுத்தது. துறவு ஏற்கிறவன் தானே தன் வாயால் கேட்க வேண்டும் என்பது முறை. மரத்துக்கு வாயில்லை. எனவே மரத்தின் சார்பில் மியாஸ்தான் கேட்டார். பிக்குகள் நீர் தெளித்தார்கள். காவித் துணியை மரத்தைச் சுற்றிக் கட்டியபின் மியாஸ் ஊர்ப் பக்கம் திரும்பி, இந்த மரத்தை வெட்டுகிறவன் பிக்குவைக் கொன்றவன், அந்தப் பாவத்துக்கு நரகத்தில்கூடக் கணக்கு முடியாது என்று தன் முழுக் குரலில் அறிவித்தார். அது எந்தச் சுவடியிலும் இல்லை. அந்த நிமிஷத்தில் அவர் வாயில் வந்தது.

ஆனால் பலித்துவிட்டது. மறு வருஷம் வெளியூர் ரம்ப மிஷின்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே காவி கட்டிய வேறொரு மரத்தை அறுத்தான். கிளை முறிந்து அவன் தோளில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒருவனும் காவி மரத்தைத் தொடவில்லை. வருஷத்துக்கு வருஷம் விழா பெரிதானது. தலைநகரம் நொம்பென்னிலிருந்து சுற்றுச்சூழல் இளைஞர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். கன்று கொடுத்தார்கள், விறகு குறைவாகத் தின்னும் மண்ணடுப்பு செய்யக் கற்றுக்கொடுத்தார்கள், பிள்ளைகளை மரத்தைக் கட்டிப்பிடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். சாப்பாடு வாழையிலையில், குடிக்க மூங்கில் குவளை. பிளாஸ்டிக்கைக் கண்டால் மியாஸுக்கு ஆகாது. தண்ணீர் பாட்டிலோடு வந்தவர்களிடம், குடித்து முடித்ததும் பாட்டிலையும் விழுங்கிவிட்டுப் போகச் சொல்வார். அவர்களுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. ஊருக்கும்தான். பாதையோரம் முழுக்கக் காவி கட்டிய மரங்கள் நின்றன. அந்த நாட்களில் அவர் நடையிலேயே ஒரு மிதப்பு இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், மனுஷன் ஒரு காட்டையே காப்பாற்றியிருந்தார்.

அவருக்கு ஒரே மகன், பிருண். அப்பாவின் குரல் அப்படியே வந்திருந்தது, அப்பாவின் பிடிவாதம் வரவில்லை. பிழைப்புக்காக எல்லை தாண்டிப் போய் மிஷின் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தான். திரும்பி வந்தவன் ஒருநாள் காட்டுக்குள் திருட்டு மிஷினோடு பிடிபட்டான். முதலாளிதான் பேசி அவனை வெளியே எடுத்தார். அந்த ஆள் எதையும் சும்மா செய்கிறவர் இல்லை என்று எங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. பிருணுக்கும் தெரிந்திருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் சாப்பாட்டில் உட்கார்ந்தவன் சோற்றைத் தொடவில்லை.

"அப்பா, வளைவுல நிக்கிற மரத்த நான் வெட்டணுமாம்."

சோபோன் கையில் எடுத்த கரண்டியைத் திரும்ப வைத்தாள். கேட்டுக் கேட்டு விஷயம் முழுதும் வந்தது. முதலாளியின் மேஸ்திரி கிம் எத்தனையோ ஆட்களைக் கொண்டுவந்து பார்த்துவிட்டான், எல்லோரும் துணியைப் பார்த்ததும் மிஷினைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஆச்சார் மகனே வெட்டினால் மற்றவர்களுக்குப் பயம் விட்டுப்போகும் என்பது அவன் யோசனை. மறுத்தால் பழைய கேஸைத் தூசு தட்டுவார்கள், பிருண் சிறைக்குப் போவான்.

"மாட்டேன்னு சொல்லிடு" என்றார் மியாஸ். "ஜெயிலுக்குப் போனா போ."

"போறேன்ப்பா. போயிட்டு வந்தாலும் மரம் இருக்காது. முதலாளி ரோடு போடப் போறான், வேற எங்கிருந்தாச்சும் ஒருத்தனப் பிடிச்சிட்டு வருவான்." பிருண் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு அந்தப் பாவம்தான் பயமா இருக்கு. பிக்குவக் கொன்னவன்னு நீங்கதானே வருஷா வருஷம் சொன்னீங்க. சின்னதிலேருந்து அதக் கேட்டுத்தானே வளந்தேன்."

அத்தனை வருஷம் அத்தனை பேரை நடுங்க வைத்த அந்த வாக்கு இப்போது தன் வீட்டுப் பாயில் வந்து உட்கார்ந்திருப்பதை மியாஸ் பார்த்தார். மகனைச் சிறைக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. நரகத்துக்கு அனுப்ப அதைவிட மனமில்லை. கடைசியில், தான் வருகிறவரை மிஷினை ஓட்டாதே என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் சடங்குக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊதுவத்தி, மெழுகுவத்தி, ஒரு கிண்ணம் தண்ணீர் எடுத்துக்கொண்டார். கொடியில் கிடந்த தன் கட்டம் போட்ட பழைய துண்டையும் எடுத்தார். அதைப் பார்த்ததும் சோபோனுக்குப் புரிந்துவிட்டது. காவி களைகிறவன் உடுத்திக்கொள்ள வீட்டுத் துணி வேண்டும். அவர் காவி களைந்த அன்றைக்கும் அவள் அண்ணன்தான் துண்டு கொண்டுபோனான்.

வளைவில் கிம்மும் ஆட்களும் காத்திருந்தார்கள். பிருண் மிஷினைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். மியாஸ் யாரையும் பார்க்காமல் மரத்தடியில் மண்டியிட்டார். பிக்குகளின் எதிரில், இனி என்னைச் சம்சாரி என்று அறிந்துகொள்ளுங்கள் என்று களைகிறவன் சொல்ல வேண்டும். அங்கே பிக்கு ஒருவரும் இல்லை. சாட்சி இல்லாமல் சொன்னால் அது செல்லாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொன்னார். அன்று மரத்துக்காகக் கேட்ட அதே வாய் இன்று மரத்துக்காக விடைபெற்றது. குரல் மட்டும் வழக்கம்போல் எழவில்லை, பக்கத்தில் நின்றவர்களுக்கே பாதிதான் கேட்டது. பிறகு வருஷக்கணக்கில் மேலே மேலே கட்டிய காவித் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அடியில் இருந்தது நிறம் போய் மரப்பட்டையோடு ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்தார். கட்டத் துண்டைச் சுற்றிப் பார்த்தார், அத்தனை பெரிய மரத்துக்கு அது எட்டவில்லை. பிசின் குழிக்குப் பக்கத்தில் ஒரு மரக்கணுவில் சொருகிவிட்டு எழுந்தார்.

"இப்ப இது வெறும் மரம்" என்றார் மகனிடம். "வெட்டு."

"செல்லும்தானேப்பா?"

"செல்லும். நானும் இப்படித்தான் களஞ்சேன். உன் அம்மாவக் கட்டினேன். எனக்கு என்ன ஆச்சு?"

பிருணின் முகம் தெளிந்தது. பல நாட்களாக அந்த முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை. துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் வயலை எட்டியபோது மரம் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் சோபோன் மடித்த காவியை வாங்கிக்கொண்டு, அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். செல்லும் என்று சொன்னதாகச் சொன்னார்.

"செல்லுமா?"

"செல்லாட்டி பாவம் எனக்கு. பொய் சொன்னவன் நான். அவன் நம்பித்தானே வெட்டினான்."

அவர் கணக்கு அதோடு தீர்ந்ததென்று நினைத்தார். ஒரு மரம் போயிற்று, மகன் தப்பினான், பாவத்தைத் தான் சுமந்தாயிற்று. எத்தனை பெரிய முட்டாள்தனம்! கிம் ஒருவன் அத்தனையையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் யோசிக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் கிம் வாழைத்தாரும் ஊதுவத்திக் கட்டுமாக வந்து வாசற்படியில் கும்பிட்டு உட்கார்ந்தான். இன்னும் சில மரங்களுக்கு விடை கொடுத்துத் தர வேண்டுமாம். மியாஸ் தாரைத் தூக்கித் தெருவில் எறிந்தார். அவன் கோபப்படவில்லை, இன்னொரு முறை கும்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த நாள் பிருண் வந்தான். நல்ல சந்தோஷத்தில் இருந்தான். சந்தையில் புதிதாக வாங்கிய கட்டத் துண்டுகள் ஒரு கட்டு அவன் அக்குளில் இருந்தன.

"உங்கள ஒவ்வொரு தடவையும் அலைய விட வேணாம்னு பாக்கறேன்" என்றான். "அந்த மந்திரத்த எனக்கே சொல்லிக் குடுங்கப்பா. வேற யார் சொன்னாலும் ஆளுங்க நம்ப மாட்டேங்கிறாங்க. ஆச்சார் வீட்டு வாய் வேணுமாம். இல்லேன்னா காவியோடவே வெட்டுன்னு கிம் சொல்றான்."

உண்மை மியாஸின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வளைவு மரத்தை வெட்டிய பாவம் இந்த நிமிஷமே மகன் தலையில் இறங்கும். அதன் பிறகு இந்த முகம் தெளியவே தெளியாது. சொல்லாவிட்டால் காடு போகும். சோபோன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரு" என்றார் மியாஸ்.

வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். பிருண் குறிலாகச் சொன்ன இடத்தில் நிறுத்தி, நெடிலாக இழுக்க வைத்தார். பாதியில் சோபோன் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

மழையில்லாத அந்த மாதங்களில் பாதையோர மரங்கள் எல்லாம் சம்சாரி ஆயின. அடிக்கட்டைகளில் புதுத் துண்டுகள் கிடந்தன. காவியைக் குப்பையில் போடுவது மகா பாவம் என்பதால் ஆட்கள் அதைப் பதமாக மடித்து ஆச்சார் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் கதவைத் திறந்தால் காவிக் கட்டு இருக்கும். பிசின் மரம் போன குடும்பங்கள் அவர் வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டன. பெரிய பிக்கு மட்டும் ஒருநாள் எந்தப் பிக்கு சங்கத்தைக் கேட்டு மரத்தின் காவியைக் களைந்தாய் என்று கேட்டார். எந்தச் சங்கத்தைக் கேட்டு அது பிக்கு ஆனது என்று மியாஸ் திருப்பிக் கேட்டார்.

விழா நாள் வந்தது. பஸ் வந்தது, கன்றுகள் வந்தன, மூங்கில் குவளைகள் வந்தன. வேறு குரல் ஊரில் இல்லாததால் மியாஸையே கூப்பிட்டார்கள். பாதையோரம் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. விகாரைக்குப் பின்னால் ஒற்றைக் கை அணைக்கும் அளவுக்கு ஒரு மரம் இருந்தது, அதற்குக் கட்டுவதாக முடிவாயிற்று. அவர் துணியை எடுத்தபோது, மரம் இழந்த பெண்களில் ஒருத்தி, யெம் என்பவள், கூட்டத்திலிருந்து கேட்டாள்.

"ஆச்சார் மாமா, இந்த மரம் எத்தன மழைக்காலத்துக்குச் சாமியா இருக்கும்?"

சிலர் சிரித்தார்கள். விஷயம் தெரியாத நொம்பென் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். மியாஸ் முடிச்சைப் போட்டுவிட்டு, வழக்கமாக வெட்டுகிறவனைச் சபிக்கும் இடத்துக்கு வந்து ஊர்ப் பக்கம் திரும்பினார்.

காலையிலிருந்து மலைமேல் ஓடிக்கொண்டிருந்த மிஷின் சத்தம் அப்போது நின்றது. ஒரு மரம் முடிந்து அடுத்த மரம் தொடங்கும் இடைவெளி. பிருண் இப்போது மண்டியிட்டிருப்பான். முதல் வரியை முடித்திருப்பான். நெடிலில் இழுத்திருப்பான், தப்பு விட்டிருக்க மாட்டான். மியாஸின் உதடு தன்னால் அந்த வரிகளோடு அசைந்தது. சாபத்தைச் சொல்ல வாய் திறந்தால் அது யார் தலையில் போய் விழும் என்று அவருக்குத் தெரியும். ஊர் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது. துண்டு கட்டி முடிக்கும் நேரம் ஆனதும், மலைமேல் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மியாஸ் சாபத்தைச் சொல்லாமலே தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.