சிலந்தியைப் பாடமாக்கிய வீடு

“மகள் வாசிக்கிறாளில்லையாம், அண்ணை!”

போன மாதம் தொலைபேசியில் பாஸ்கரன் போட்ட சத்தத்தில் என் காது இன்னும் முழுதாகக் குணமாகவில்லை.

பாஸ்கரன் லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருப்பவர். பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. மனைவி சாந்தி. ஒரே மகள் அபிராமி — வயது எட்டு, வீட்டில் அபி. இந்த அபியை எனக்கு நன்றாகத் தெரியும். இவளா வாசிக்கத் தெரியாதவள்? நான் போகும்போதெல்லாம் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, “மாமாவுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு பிள்ளை” என்பார் பாஸ்கரன். அவளும் வாசிப்பாள் பாருங்கள்... முற்றுப்புள்ளிக்குக்கூட நிற்காத எக்ஸ்பிரஸ் ரயில்! பிள்ளை மூச்சு விடுகிறதா என்று எனக்குத்தான் பயமாக இருக்கும்.

அப்படிப்பட்டவள் வாசிக்கவில்லையாம். பெற்றோரை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

“ரீச்சர் பேசுற இங்கிலீஷ் எனக்கு விளங்கும் அண்ணை. நான் பேசுறதுதான் அவவுக்கு விளங்காது. நீங்களும் ஒருக்கா வாங்கோ.”

போனேன். தமிழர் வீடுகளுக்கு மொழிபெயர்க்கப் போவது லண்டனில் எனக்கு இரண்டாவது உத்தியோகம். சம்பளம் — தேநீரும் வடையும். சில வீடுகளில் தேநீர் மட்டும்.

இங்கத்தைப் பள்ளிக்கூடங்களில் பெற்றோரை உட்கார வைக்கும் நாற்காலிகளைப் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளைகளின் நாற்காலிகள். உட்கார்ந்தால் முழங்கால் நாடியில் இடிக்கும். எவ்வளவு கோபத்தோடு போனாலும் அதில் உட்கார்ந்ததும் நமக்கும் எட்டு வயதாகிவிடும். பாதிக் கோபம் அங்கேயே போச்சு.

வகுப்பாசிரியை மிஸ் ஹார்வி இளம் பெண், சிரித்த முகம். ஒரு சின்னக் கதைப் புத்தகத்தை அபியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். டொம் என்ற பையனும் அவனுடைய நாயும் வரும் கதை. அபி வழக்கம்போல் ஓட்டினாள். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. பாஸ்கரன் என்னைத் திரும்பிப் பார்த்தார் — வழக்கு வென்றவரின் முகம்.

“அழகாக வாசித்தாய் அபி. டொம் ஏன் நாயை ஒளித்து வைத்தான்?” என்று கேட்டார் மிஸ்.

அபி அதே பக்கத்தை மறுபடி வாசித்தாள். முன்னைவிட வேகமாக.

“சரி... ஆனால் ஏன் ஒளித்து வைத்தான்?”

மறுபடியும் வாசிப்பு. பாஸ்கரன் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்: “சத்தமா வாசி பிள்ளை, சத்தமா!”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பிள்ளை சொற்களை வாசிக்கிறாள். கதை உள்ளே போகவில்லை. அகப்பைக்குக் கறியின் ருசி தெரியுமா என்பார்களே, அதுதான். நாள் முழுவதும் குழம்புக்குள் கிடந்தாலும் அகப்பை அகப்பைதான்.

மிஸ் ஹார்வி ஒரு தாளை எடுத்து வைத்தார். நடுவில் ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றிக் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு பெட்டி. எட்டுக் கால் இல்லாவிட்டாலும் வகுப்பில் அதற்குப் பெயர் ஸ்பைடர் — நம்முடைய சிலந்தி. வட்டத்துக்குள் கதையின் பெயர். பெட்டிகளில் கேள்விகள்: யார்? எங்கே? என்ன சிக்கல்? என்ன செய்தார்கள்? ஏன்? எப்படி முடிந்தது? வாசித்துவிட்டு ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மூன்று சொல் எழுதினால் போதும்.

“வாசித்ததில் எது தலைக்குள் போயிருக்கிறது, எது போகவில்லை என்று பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கலாம்,” என்றார். “வீட்டில் மூன்று வாரம் செய்து பாருங்கள். பிறகு நான் ஒரு புதுக் கதை கொடுப்பேன். அப்போதும் இப்படியே இருந்தால், வாசிப்பு நேரத்தில் அபி பக்கத்து அறைக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே தனியாகக் கவனிக்க ஒருவர் இருக்கிறார்.”

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அபியின் முகம் விழுந்துவிட்டது. வகுப்பில் அவளுக்கு இருப்பது ஒரே ஒரு சிநேகிதி, கெல்லி. இருவரும் ஒரே மேசை. ஒரே அழிறப்பர்.

“கெல்லியும் அங்கே வருவாளா?” என்று கேட்டாள்.

இல்லை என்று தலையசைத்தார் மிஸ். அதற்குப் பிறகு பிள்ளை வாய் திறக்கவில்லை.

பாஸ்கரன் திறந்தார். என்னிடம், தமிழில், நீளமாக. “இது என்ன நியாயம் அண்ணை? வாசிப்புக் காணாதெண்டால் இன்னும் ரெண்டு புத்தகத்தைக் குடுக்கிறதுதானே? இவ படமெல்லோ கீறச் சொல்லுறா! கால் நோவுக்குத் தொப்பி வாங்கிக் குடுத்த மாதிரி!”

“என்ன சொல்கிறார்?” என்றார் மிஸ்.

“செய்து பார்க்கிறாராம்,” என்றேன். மொழிபெயர்ப்பில் சுருக்கமும் ஒரு தர்மம்.

(தொப்பியை மட்டும் வீட்டுக்கு வந்து குறித்து வைத்துக்கொண்டேன். கோபம் வந்தால் நம் சனத்தின் வாயில் வரும் உவமைக்கு ஈடே இல்லை.)

பாஸ்கரனைக் குறை சொல்ல முடியுமா? நாமெல்லாம் எப்படிப் படித்தோம்? எழுந்து நின்று, கையைக் கட்டி, ஒப்புவித்தோம். தடுக்காமல் சொன்னவன் கெட்டிக்காரன். தடுக்கினவன் வாங்குக்கு மேல் — பெஞ்சில் ஏறி நிற்க வேண்டும். “விளங்கிச்சுதோ?” என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் வகுப்பே வாங்குக்கு மேல் நின்றிருக்கும்... நானும் சேர்த்து.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கும்போதே பாஸ்கரனின் வாயெல்லாம் பல்.

“அண்ணை, அலுவல் முடிஞ்சுது! ஸ்பைடர் முழுக்கப் பாடம்!”

பாடமா? எனக்குப் புரியவில்லை. சுவரைக் காட்டினார். ரீவிக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் — சிலந்தி! கடையில் கொடுத்துப் பெரிதாக்கிய போட்டோகாப்பி. பெட்டிகளில் ஊசி நுழைய இடமில்லை. டொம்மின் கதை முழுவதும், வரிக்கு வரி, பாஸ்கரனின் கையெழுத்தில்.

“மிஸ் ரெண்டு மூண்டு சொல்லுத்தானே எழுதச் சொன்னவ?”

“அது சோம்பேறிப் பிள்ளையளுக்கு அண்ணை. கட்டத்துக்குள்ள இடம் கிடந்தா மார்க்ஸை வெட்டிப் போடுவினம். பிள்ளை, மாமாவுக்குச் சொல்லிக் காட்டு.”

அபி வந்து நின்றாள். கையைக் கட்டினாள். கண்ணை மூடினாள். ஆங்கிலத்தில் தொடங்கினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “நடுவில் வட்டம். வட்டத்தில் டொம்மும் நாயும். மேலே வலது பக்கம் ஒரு கோடு. கோட்டின் முடிவில் பெட்டி. பெட்டியில், யார், கேள்விக்குறி. டொம் ஒரு சிறுவன். டொம்முக்கு ஒரு நாய் உண்டு. கீழே வலது பக்கம் ஒரு கோடு...”

கேள்விக்குறியைக்கூட விடவில்லை, ஐயா!

எனக்குத் தேநீர் புரையேறிவிட்டது. மனப்பாடத்தை விரட்ட வந்த சிலந்தி. அந்தச் சிலந்தியையே மனப்பாடம் பண்ண நம்மை விட்டால் உலகத்தில் வேறு யாரால் முடியும்?

“சிரியாதேங்கோ அண்ணை,” என்றார் சாந்தி, வடைத் தட்டை வைத்தபடி. “பிள்ளை நித்திரையிலயும் ‘கோடு, பெட்டி’ எண்டு புலம்புது. நான் சொன்னா இவர் கேக்கிறாரே?”

“நீர் சும்மா இரும். அந்த அறைக்குப் போனா எங்கட பேர் என்னத்துக்காகும்?”

“உங்களுக்குப் பேர். அவளுக்குக் கெல்லி. அதை ஒருக்கா யோசிச்சனீங்களே?”

பாஸ்கரன் வடையைப் பார்த்தார்.

ரீவியில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அப்டன் பார்க் கடையில் எடுத்து வந்த ஏதோ தமிழ்ப் படம். தாடிக்காரர் ஒருவர் கல்யாண வீட்டுச் சமையலறையில் கண்ணீர் வழிய வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பேச்சை மாற்ற, சும்மா கேட்டேன்: “உவர் ஆர்?”

அபி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவர்தான் கல்யாணப் பொம்பிளையின்ர அண்ணா. பட் அவவுக்குத் தெரியாது. சின்னனில வீட்டை விட்டு ஓடினவர். இப்ப குக் மாதிரி நடிக்கிறார். ஏனெண்டா அப்பா கண்டால் வெடிங்கை நிப்பாட்டிப் போடுவார். உது வெங்காயத்தால வாற அழுகை இல்லை மாமா. தங்கச்சியைப் பார்த்துத்தான் அழுறார்.”

நிறுத்தி, மூச்சு விட்டு, கையை ஆட்டிச் சொன்னாள். யார், எங்கே, என்ன சிக்கல், ஏன்... எல்லாம் வந்துவிட்டது! படத்தைப் பாடமாக்கு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் படம் அவளுக்கு விளங்கியிருந்தது.

நான் பாஸ்கரனைப் பார்த்தேன். பாஸ்கரன் சாந்தியைப் பார்த்தார். சாந்தி எழுந்துபோய், சுவர்க் கலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய மேசையில் போட்டார்.

“உந்தப் படத்துக்கு ஒரு ஸ்பைடர் கீறு பிள்ளை.”

கீறினாள். யார், எங்கே என்ற பெட்டிகள் அமைதியாக முடிந்தன. ‘என்ன சிக்கல்?’ பெட்டி வந்தது. வந்தது பாருங்கள் சண்டை!

“ஓடினவன்தான் சிக்கல்,” என்றார் பாஸ்கரன். “அவன் ஓடாட்டி கதையே இல்லை.”

“ஓட வச்சது ஆர்? தேப்பன்தானே?” — சாந்தி.

“தேப்பன் பிள்ளையைக் கண்டிக்கக் கூடாதே?”

“கண்டிக்கிறதும் வீட்டை விட்டுக் கலைக்கிறதும் ஒண்டே?”

“ரெண்டும் இல்லை!” என்று கத்தினாள் அபி. “ஏன் கோவம் எண்டு ஒருத்தரும் ஒருத்தரையும் கேக்கேல்லை. அதுதான் சிக்கல்.”

பெட்டிக்குள் ஆங்கிலத்தில் இரண்டே சொல் எழுதினாள் — யாரும் கேட்கவில்லை. மிச்ச இடம் வெள்ளையாகக் கிடந்தது. பாஸ்கரன் அதை நிரப்பச் சொல்லவில்லை.

அதன் பிறகு அவளாகவே போய் டொம் புத்தகத்தை எடுத்து வந்தாள். நாயை ஒளித்து வைக்கும் இடத்தில் நின்றாள். ஒரு பக்கம் பின்னே புரட்டினாள். இன்னும் ஒரு பக்கம்.

“பின்னுக்குப் போகாதை பிள்ளை, முன்னு...” என்று தொடங்கிய பாஸ்கரன், சாந்தியின் பார்வை பட்டதும் வடையால் வாயை அடைத்துக்கொண்டார்.

“ஓ... வீட்டுக்காரர் நாய் வளர்க்க விடமாட்டார் எண்டு முதலே இருக்கு!” என்றாள் அபி. ஏதோ புத்தகம் அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தவள் போல.

போன வியாழக்கிழமை பரிசோதனை நாள். மறுபடி அந்தக் குள்ள நாற்காலிகள்.

புதுக் கதை. ஒரு கிழவர் உடைந்த படகொன்றைக் குளிர்காலம் முழுவதும் பாடுபட்டுத் திருத்துகிறார். வெயில் வந்ததும் அதை முன்பின் தெரியாத ஒருவருக்குச் சும்மா கொடுத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அவ்வளவுதான்.

அபி மெதுவாக வாசித்தாள். நின்றாள். திரும்பிப் போய்ப் பார்த்தாள். பாஸ்கரன் என் காதுக்குள், “என்ன அண்ணை, இருந்த வாசிப்பும் போச்சே!”

பிறகு சிலந்தி. பெட்டிக்கு இரண்டு மூன்று சொல். மளமளவென்று முடித்துப் பென்சிலைக் கீழே வைத்தாள். ‘ஏன்?’ பெட்டி மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

பாஸ்கரனுக்கு வியர்த்துவிட்டது. “எதையாவது எழுது பிள்ளை... எதையாவது!”

வெறும் கட்டம் விடுவது நமக்கெல்லாம் பாவம் அல்லவா? பரீட்சையில் விடை தெரியாவிட்டால் கேள்வியையே அழகாகத் திருப்பி எழுதிவிட்டு வந்த பரம்பரை நாம். அபி அசையவில்லை. சாந்தியின் கை அவள் முதுகில் இருந்தது.

“இதை ஏன் விட்டுவிட்டாய்?” என்று கேட்டார் மிஸ் ஹார்வி.

“கதையில் இல்லை மிஸ். திரும்பத் திரும்பப் பார்த்தேன். படகை ஏன் கொடுத்தார் என்று எங்கேயும் சொல்லவில்லை.” கொஞ்சம் யோசித்தாள். “நான் ஒன்று நினைக்கிறேன். ஆனால் அது என் நினைப்பு. கதையின் நினைப்பு இல்லை. எழுதலாமா?”

பாஸ்கரனுக்கு விளங்கியிருக்கும்; இருந்தும் மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் சுருக்கவில்லை.

மிஸ் புத்தகத்தை மூடினார். “நீ எங்கேயும் போக வேண்டாம் அபி. உன் மேசையிலேயே இரு. நாளைக்குக் கெல்லியிடமும் கேட்டுப் பார், கிழவர் ஏன் கொடுத்தார் என்று.”

அபியின் முகத்தை எழுத எனக்கு வராது. விட்டுவிடுகிறேன்.

தெரியாது என்பதில்தான் எத்தனை ரகம்! பார்க்காமலே தெரியாது ஒரு ரகம். தேடிப் பார்த்துவிட்டுத் தெரியாது இன்னொரு ரகம். முதலாவதை மறைக்கத்தான் நாம் பெட்டி பெட்டியாக எழுதி நிரப்புகிறோம். இரண்டாவதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அதை எட்டு வயதில் பெற்றுவிட்டால்... வேறென்ன வேண்டும்?

வெளியே மழை. வீடு இரண்டு நிறுத்தம்தான் என்றாலும் பஸ்ஸில் ஏறினோம். பாஸ்கரன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமோ என்று நினைத்தேன். திடீரென்று திரும்பினார்.

“அதுசரி அண்ணை... அவ்வளவு கஷ்டப்பட்டுத் திருத்தின படகை அந்த மனிசன் ஏன் சும்மா குடுத்தவன்?”

“கடலுக்குப் போகப் பயம் வந்திருக்கும்,” என்றேன்.

“பயமாவது! வீட்டில மனிசிக்காரி ஏசியிருப்பா,” என்றார் சாந்தி.

“இல்லை அம்மா. அவருக்குப் படகு வேண்டாம். திருத்துறதுதான் விருப்பம்,” என்றாள் அபி.

“அதெப்பிடி? ஒரு காரணம் இல்லாமல் குடுப்பானே? வாங்கினவன் ஆர்? அதில ஏதோ விஷயம் இருக்கு...” பாஸ்கரன் இருக்கையில் முழுதாக எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

டிரைவர் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது — பஸ் கடைசி நிறுத்தத்துக்கு வந்து நெடுநேரமாகிவிட்டதாம்.